கூட்டமைப்பின் செய்திமடலும் நாற்பது இணைப்புகளும்: இரண்டு பேர் நடத்தும் அருங்காட்சியகம் எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி — பதிவிட்டவர்: இரண்டாள்_காப்பகம்

அனைவருக்கும் வணக்கம். காவிரிக் கரைச் சிற்றூர் ஒன்றில் அறக்கட்டளை நடத்தும் அருங்காட்சியகத்தை ஆறு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். பெயர்ப்பலகையில் காப்பாட்சியர் என்று எழுதியிருந்தாலும் நுழைவுச்சீட்டுக் கிழிப்பது, பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்வது, மழை வந்தால் ஒழுகும் இடத்தில் வாளி வைப்பது எல்லாம் நான்தான். உடன் பணிபுரியும் அம்மா ஒருவர் இருக்கிறார். ஏறத்தாழ 1,400 பொருள்கள் உள்ளன. விளக்குகளும் சிறு வெண்கலப் படிமங்களும், மரக்கால், படி, உழக்கு முதலிய அளவைகளும், நாணயங்களும், கைத்தறிக் கருவிகளும், அறுபது கட்டு ஓலைச்சுவடிகளும் அவற்றில் அடங்கும்.

சென்ற ஆண்டு கூட்டாளி அருங்காட்சியகங்களின் கூட்டமைப்பு ஒன்றில் சேர்ந்தோம். மாதந்தோறும் அவர்களிடமிருந்து செய்திமடல் வருகிறது. எந்த ஊரில் என்ன கண்காட்சி, யார் ஓய்வு பெற்றார், மே 18 பன்னாட்டு அருங்காட்சியக நாளை எங்கே எப்படிக் கொண்டாடினார்கள் என்ற செய்திகளுக்குப் பின்னால், கடைசிப் பக்கத்தில் ‘துறைசார் வளங்கள்’ என்ற தலைப்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருக்கின்றன. எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் ஒரே அளவு எழுத்தில், எது முதலில் படிக்க வேண்டியது என்ற குறிப்பே இல்லாமல். நான் இரவில் உட்கார்ந்து ஏழெட்டைப் படித்துப் பார்த்தேன். ஆய்வுக்கூடமும் குளிரூட்டிய சேமிப்பறையும் உள்ளவர்களுக்கு எழுதப்பட்டவை என்ற எண்ணமே மிஞ்சியது.

இப்போது ஓர் அவசரம் சேர்ந்துகொண்டது. கூட்டமைப்பு நாணயக் கண்காட்சி ஒன்றை ஊர் ஊராக அனுப்பப் போகிறது. அதை வரவழைக்க விரும்புவோர் கட்டடமும் காட்சிக்கூடமும் எப்படி இருக்கின்றன என்று கேட்கும் பதினான்கு பக்க வசதி அறிக்கையை நிரப்பித் தர வேண்டும். அதில் ஒரு கேள்வி, காட்சிக்கூடத்தின் ஓராண்டு ஒப்பு ஈரப்பத அளவுகள். எங்களிடம் கடைத்தெருவில் வாங்கிய ஈரப்பதமானி ஒன்று சுவரில் தொங்குகிறது. சித்திரையிலும் 58, ஐப்பசி அடைமழையிலும் 58 என்று அது காட்டிக்கொண்டிருக்கிறது.

ஓராண்டு அவகாசமும் மிகச் சிறிய தொகையும் கையில் இருந்தால், இந்த நாற்பதில் எதைப் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

மறுமொழி 1 — பழைய_வேதியியலர்

முதலில் அந்த 58-ஐத் தீர்த்துவிடுவோம். அதற்குப் பணமே தேவையில்லை. ஒரு புட்டி மூடியில் அரைக் கரண்டிச் சமையல் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது, ஈர மணல் போல இருக்க வேண்டும். மூடியையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத நெகிழிப் பையில் ஒன்றாக வைத்து மூடி, வெயில் படாத இடத்தில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். நிறைவுற்ற உப்புக் கரைசலுக்கு மேலுள்ள காற்றில் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிற்கும். காலையில் கருவி 70 காட்டினால் ஐந்து குறைத்துக் காட்டும் கருவி என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிட்டுப் பயன்படுத்தலாம். அப்போதும் 58 என்றே நின்றால் அது கருவியே அன்று, சுவர் அலங்காரம்.

அடுத்து வெண்கலம். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்களைப் போன்ற இடங்களில் நான் பார்த்த சேதத்தில் பாதி அன்பினால் நேர்ந்தது. விழா வருகிறது என்று தொண்டர்கள் விளக்குகளையும் படிமங்களையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடுவார்கள். நூற்றாண்டுகளாகப் படிந்து உலோகத்தைக் காத்துவந்த மேற்படலம் ஒரு பிற்பகலில் போய்விடும். நுண்ணிய வேலைப்பாடும் எழுத்தும் சேர்ந்தே தேயும். வீட்டுக் குத்துவிளக்குக்கு அது சரி, பதிவேட்டில் ஏறிய பொருளுக்குக் கூடாது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. பச்சையாக இருப்பதெல்லாம் பழமையின் அழகு என்று விட்டுவிடுவது. மண்ணில் புதைந்து கிடந்து வந்த வெண்கலத்தினுள் குளோரைடு உப்பு தங்கியிருக்கும். காற்றின் ஈரம் பட்டதும் அது செம்பைத் தின்னத் தொடங்கி, வெளிர் பச்சை நிறத்தில் பொடியைத் தள்ளும். இதைத்தான் வெண்கல நோய் என்கிறோம். கெட்டியாக, வழவழப்பாக, கரும்பச்சையாக இருந்தால் கவலையில்லை. ஊசிமுனையால் தொட்டால் உதிர்ந்தால், பொருளுக்கு அடியில் விரித்த கறுப்புத் தாளில் ஒரு வாரத்துக்குப் பின் புதுப் பொடி விழுந்திருந்தால், நோய் விழித்திருக்கிறது என்று கொள்ளுங்கள். மருந்தாகப் பென்சோடிரையசோல் முதலியவற்றைப் படித்திருப்பீர்கள். அதை நீங்கள் கையாள வேண்டாம், உடலுக்கும் கெடுதி, பயிற்சியும் வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது உலர்த்தி வைப்பது. ஈரப்பதம் நாற்பதுக்குக் கீழே இருந்தால் அந்த வினை ஏறத்தாழ உறங்கிவிடும். இறுக மூடும் பாலிபுரோப்பிலீன் டப்பா ஒன்றும், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகளும் போதும். நிறம் மாறியதும் எடுத்து அடுப்புச்சூட்டில் சுமார் 110 டிகிரியில் உலர்த்தி மறுபடி வைக்கலாம். இந்த வழியில் எதையும் இழக்க மாட்டீர்கள், பின்னால் வரும் வேதியியலருக்கும் பொருளைக் கெடுக்காமல் ஒப்படைப்பீர்கள்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்புக்கூடம் தொடங்கப்பட்டு, ச. பரமசிவன் அவர்கள் அங்கே மின்பகுப்பு முறையில் வெண்கலங்களைச் சீர்செய்து காட்டினார். பொருள் பாதுகாப்பில் பயிற்சி வகுப்புகளையும் அங்கே நடத்தி வருகிறார்கள். இணைப்புகள் நாற்பதையும் படிப்பதைவிட உங்களுடன் பணிபுரியும் அம்மாவை ஒருமுறை அத்தகைய வகுப்புக்கு அனுப்பிவையுங்கள். நீங்கள் போனால் ஒரு வாரம் கதவு பூட்டியிருக்கும்.

சுவடி அலமாரியில் அந்துருண்டை இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். பூச்சியைவிட உங்கள் இருவரின் மூச்சுக்குத்தான் அது அதிகம் கெடுதல்.

மறுமொழி 2 — ஆவணப்_பிரிவு

ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் வரிசையில் வேறுபடுகிறேன். உங்களுடைய 1,400 என்ற எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? எண்ணிப் பார்த்ததா, நிறுவனர் காலத்துப் பதிவேட்டின் கடைசி வரிசை எண்ணா? பெரும்பாலான சிறு காப்பகங்களில் இரண்டாவதாகத்தான் இருக்கும், அதனால்தான் கேட்கிறேன்.

கனடா நாட்டின் அரும்பொருள் பாதுகாப்பு நிறுவனம் பொருள்களைச் சிதைக்கும் காரணிகளைப் பத்தாக வகுத்திருக்கிறது. இடிபாடு, திருட்டு, தீ, நீர், பூச்சி, மாசு, ஒளி, தவறான வெப்பநிலை, தவறான ஈரப்பதம் என்று ஒன்பதை எவரும் ஊகித்துவிடலாம். பத்தாவதாக அவர்கள் வைத்திருப்பது பொருளும் அதைப் பற்றிய தகவலும் பிரிந்துபோவது. மரக்கால் அப்படியே முழுதாக இருக்கும். எந்த ஊர்க் களத்தில் நெல் அளந்தது, யார் கொடுத்தார், எந்த ஆண்டு வந்தது என்பது மட்டும் போயிருக்கும். பூச்சி அரித்த சுவடியிலாவது பாதி எழுத்து மிஞ்சும். இங்கே மிஞ்சுவது பழைய மரப்பாத்திரம் ஒன்றுதான். அந்தப் பத்துக் காரணிகளைப் பற்றிய பக்கங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, எளிய ஆங்கிலத்தில் உள்ளன. உங்கள் நாற்பதில் அது இருந்தால் அதைத்தான் முதலில் திறக்கச் சொல்வேன்.

அதற்கு அடுத்தது, பண்பாட்டுச் சொத்துகளின் பாதுகாப்புக்காக ரோமில் உள்ள பன்னாட்டு மையமான இக்ரோம் உருவாக்கிய ‘ரீ-ஆர்க்’ முறை, அதாவது சேமிப்பறையை ஒழுங்குபடுத்தும் முறை. 2011-இல் யுனெஸ்கோவும் இக்ரோமும் நடத்திய பன்னாட்டுக் கணக்கெடுப்பில், சேமிப்பறைகளில் கிடக்கும் தொகுப்புகளில் அறுபது விழுக்காடு ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தது. அந்த அக்கறையோடு, பத்தாயிரம் பொருள்கள் வரை வைத்திருக்கும் சிறு அருங்காட்சியகங்களை மனத்தில் வைத்தே வகுத்த முறை இது. நல்ல சேமிப்பறைக்கு அவர்கள் சொல்லும் அடையாளங்களில் இரண்டு எனக்கு மிகவும் பிடிக்கும். எந்தப் பொருளைக் கேட்டாலும் மூன்று நிமிடத்துக்குள் இருக்குமிடம் தெரிய வேண்டும். அதை எடுப்பதற்கு வேறு இரண்டு பொருள்களுக்கு மேல் நகர்த்த வேண்டியிருக்கக் கூடாது. நாளைக் காலையில் பதிவேட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்களைத் தேர்ந்தெடுத்துக் கடிகாரத்தோடு தேடிப் பாருங்கள். பத்தில் நான்கு கிடைத்தால் உங்கள் நிலை பலரைவிட மேல்.

எண் எழுதும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. வெண்கலத்தின் மேல் பெயிண்டில் பெரிதாக எழுதுவதும், ஒட்டுத்தாளை ஒட்டுவதும், நகப்பூச்சைத் தடவி எழுதுவதும் வேண்டாம். அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 பசையைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரல்நகம் அளவு தடவி, உலர்ந்தபின் மையால் எழுதி, அதன்மேல் இன்னொரு பூச்சு கொடுங்கள். வேண்டாமென்றால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்துவிடலாம். துணிக்கு எண் எழுதிய நாடாவைத் தைத்துவிடுங்கள். சுவடிக் கட்டுக்கு நூலில் கட்டிய சீட்டு போதும். ஏட்டின் மேல் எதையும் எழுத வேண்டாம்.

ஒளிப்படமும் அப்படியே. 1997-இல் அறிமுகமான ‘ஆப்ஜெக்ட் ஐடி’ என்ற பன்னாட்டு விவரப்படிவத்தை இப்போது பன்னாட்டு அருங்காட்சியக மன்றமான ஐகோம் வைத்திருக்கிறது. காவல்துறையும் சுங்கத்துறையும் புரிந்துகொள்ளும் வடிவம் அது. பொருளின் வகை, செய்பொருள், அளவு, பொறிப்பு முதலியவற்றோடு ‘தனி அடையாளம்’ என்று ஒரு கட்டம் உண்டு. பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். ஒரே அச்சில் பல வார்க்கும் வழக்கம் மெழுகுவார்ப்பில் இல்லை. ஒவ்வொரு படிமத்துக்கும் தனித்தனி மெழுகு உரு, தனித்தனி மண் அச்சு. ஆகவே பீடத்தின் அடியில் வார்ப்பின்போது விழுந்த குழியும், அதை அடைத்த ஒட்டும், தேய்ந்த மூக்கும்தான் அந்தப் படிமத்தின் கைரேகை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து களவுபோன நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் வாங்கியது. 2014-இல் அவர் திரும்பி வந்தார். அவர் அந்தக் கோயிலுடையவர் என்று நிறுவ உதவியவை புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய நிழற்படங்கள். கோயிலில் படம் எடுத்தவர் வழக்கை நினைத்து எடுத்திருக்க மாட்டார், வேலையை முழுதாகச் செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

இன்னொன்று, 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பங்கள் முதலானவற்றுக்குப் பதிவு தேவை. உங்கள் அறக்கட்டளையின் கோப்பில் பதிவுச் சான்றுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கூட்டமைப்பு எந்த இரவலைப் பற்றிப் பேசினாலும் முதலில் அதைத்தான் கேட்கும்.

மறுமொழி 3 — பெட்டி_கட்டுபவர்

நான் கண்காட்சிகளை அனுப்பும் பக்கத்தில் வேலை செய்கிறேன், ஆகவே வசதி அறிக்கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்தப் பதினான்கு பக்கத்தையும் தேர்வுத் தாள் என்று நினைத்துக்கொண்டு, இருக்க வேண்டிய அளவுகளை எழுதி அனுப்புகிறவர்கள் பலர். ஆண்டு முழுவதும் ஈரப்பதம் ஐம்பது என்று கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்தால், அந்த அறிக்கையைப் படிக்கிறவருக்கு மீதிப் பக்கங்களின் மேலும் நம்பிக்கை போய்விடும். ‘எங்களிடம் அளவு இல்லை, இந்த மாதம் எடுக்கத் தொடங்கியிருக்கிறோம், மழையில் எண்பதைத் தாண்டுகிறது, காட்சிப்பேழை இறுக மூடும், உள்ளே சிலிக்கா ஜெல் வைக்க அறை உண்டு’ என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு எங்களால் முடிவெடுக்க முடியும். நாணயம் என்றால் பேழைக்குள் உள்ள காற்றே எங்களுக்கு முக்கியம். கூடத்தின் காற்று பிறகுதான். பேழை புதிதாகச் செய்வதாக இருந்தால் உட்புறத்தில் ஒட்டுப்பலகை வேண்டாம், அதிலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தையும் செம்பையும் பதம்பார்த்துவிடும்.

பெட்டி வந்து இறங்கியதும் தலைவர் வந்திருக்கிறார், நிருபர் வந்திருக்கிறார் என்று உடனே திறந்துவிடாதீர்கள். ஒரு நாள் முழுவதும் கூடத்திலேயே மூடியபடி இருக்கட்டும். குளிரூட்டிய வண்டியிலிருந்து வந்த உலோகத்தின் மேல் நம்மூர்க் காற்றுப் பட்டால், குளிர்ந்த தண்ணீர்ச் செம்பு வியர்ப்பது போல வியர்க்கும். திறக்கும்போது, அனுப்பும்போது ஒவ்வொரு பொருளும் எந்த நிலையில் இருந்தது என்று குறித்த நிலை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அனுப்பியவரின் படத்தோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு, இருவரும் கையெழுத்திடுங்கள். காப்பீடு ‘ஆணியிலிருந்து ஆணிவரை’ இருக்கிறதா என்று பாருங்கள். அதாவது அவர்கள் சுவரிலிருந்து எடுத்த நொடி முதல் திரும்ப அங்கே மாட்டும் வரை.

செய்திமடலைப் பற்றியும் ஒன்று. கூட்டமைப்பின் ஒருங்கிணைப்பாளர்கள் வேண்டுமென்று இணைப்புகளைக் குவிப்பதில்லை. யாரும் திருப்பி எழுதாததால் குவிக்கிறார்கள். நீங்கள் உங்கள் பத்து எண் சோதனையின் முடிவை அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள், கிடைக்காததையும் சேர்த்து. திறப்புவிழாப் படங்களுக்கு நடுவே அது ஒன்றைத்தான் மற்ற ஊர்க்காரர்கள் கடைசிவரை படிப்பார்கள்.

மறுமொழி 4 — பதிவிட்டவர்: இரண்டாள்_காப்பகம் (மூன்று வாரங்களுக்குப் பின்)

மூவருக்கும் நன்றி. செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஈரப்பதமானி உப்புப் பையிலும் 58 என்றே நின்றது. அதைக் கழற்றிவிட்டோம். புதிதாக வாங்கிய இரண்டில் ஒன்று 73, மற்றொன்று 79 காட்டின. இரண்டின் முதுகிலும் வேறுபாட்டை எழுதி ஒட்டிவிட்டோம். காலை பத்துக்கும் மாலை நான்குக்கும் அம்மா குறித்து வருகிறார். சுவடி இருக்கும் மேற்கு அறை எப்போதும் காட்சிக்கூடத்தைவிடப் பத்துப் புள்ளி அதிகம். காரணம் தேடியதில், சுவருக்கு வெளியே குளியலறைக் குழாய் ஒன்று கசிந்து கொண்டிருந்தது தெரிந்தது. எத்தனை ஆண்டுகளாகவோ! பிளம்பருக்கு முந்நூறு ரூபாய் கொடுத்ததோடு முடிந்தது.

பத்து எண் சோதனையில் மூன்று கிடைத்தன. ஐந்து எங்கோ இருக்கலாம். இரண்டு எண்கள் வெவ்வேறு ஆண்டுகளில் இரண்டிரண்டு பொருள்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. ஆகவே ஆவணப்_பிரிவு அம்மையார் கேட்டது சரி, 1,400 என்பது கடைசி வரிசை எண்தான். இப்போது நாளுக்குப் பத்துப் பொருள் என்று கீழ்த்தட்டிலிருந்து எண்ணி வருகிறோம். நடுவே ஒரு மண்குடத்துக்குள் நிறுவனர் கையெழுத்தில் மடித்து வைத்த சீட்டுகள் பதினேழு இருந்தன; ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயரும் ஊரும் இருக்கின்றன, எந்தப் பொருள் என்பது இல்லை. ‘தங்கள் பாட்டனார் காலத்து உழக்கு’ என்று ஒன்றில் இருக்கிறது. எங்களிடம் உழக்குகள் முப்பத்தொன்று.

கறுப்புத் தாள் விரித்ததில் நான்கு விளக்குகளிலும் ஒரு சிறு படிமத்திலும் புதுப் பொடி விழுந்திருக்கிறது. டப்பாவில் வைத்துவிட்டோம். பதிவுச் சான்றுக் கோப்பை அறக்கட்டளைச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன், தேடிக்கொண்டிருக்கிறார்.

ஓர் ஐயம் மிச்சம் இருக்கிறது. எண்ணுவதை முடிக்காமல் சீட்டுகளைக் கொண்டு கொடையாளர் வீடுகளுக்கு இப்போதே போவதா, முடித்துவிட்டுப் போவதா?

மறுமொழி 5 — ஆவணப்_பிரிவு

இப்போதே போங்கள். பொருள்கள் அலமாரியில் காத்திருக்கும். சீட்டில் பெயர் உள்ளவர்களில் பலருக்கு எண்பது வயதைத் தாண்டியிருக்கும். உழக்குகள் முப்பத்தொன்றையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, அடிப்பக்கத்தையும் எடுத்து, படங்களைத் தாளில் அச்சிட்டுக் கொண்டு போங்கள். கைப்பேசித் திரையில் காட்டினால் அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. ‘இதில் உங்கள் வீட்டு உழக்கு எது?’ என்று கேட்காமல், ‘உங்கள் வீட்டு உழக்கில் ஏதாவது அடையாளம் இருந்ததா?’ என்று முதலில் கேட்டுவிட்டு, அவர் சொன்னதை எழுதிக்கொண்ட பிறகே படங்களை எடுத்து வையுங்கள்.

மறுமொழி 6 — பழைய_வேதியியலர்

அந்த ஐந்தில் படிமம் ஒன்று என்றீர்கள். டப்பாவில் வைத்ததோடு விடாமல், பொடி விழுந்த இடத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் கிட்டத்தில் படம் எடுத்து, தேதியோடு வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே கோணத்தில் மறுபடி எடுங்கள். இரண்டையும் இங்கே போட்டால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டுமா என்று சொல்கிறேன்.